சுந்தரர் பதிகங்களில் இழப்பும் மீட்சியும்

துன்பத்திற்குப் பின் துளிர்க்கும் இறைநம்பிக்கையைப் பிழை, தண்டனை, மன்னிப்பு என்னும் மூன்று படிகளில் வைத்து விளக்குவது பொதுவான வழக்கு. சுந்தரர் கண்ணிழந்து மீண்டும் கண்பெற்ற வரலாற்றுக்கும் இவ்விளக்கம் கூறப்படுவதுண்டு. எனினும் அவர்தம் பதிகங்களை நிரல்பட நோக்குமிடத்து இவ்விளக்கத்தின் போதாமை புலனாகும்.

திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என மகிழமரத்தின்கீழ்ச் சூளுரைத்த சுந்தரர், திருவாரூர் வேட்கை மீதூர அவ்வூர் எல்லையைக் கடந்த அளவில் பார்வை இழந்தார். பின்னர்த் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், திருத்துருத்தியில் உடற்பிணி நீக்கமும், திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார். பெரியபுராணத்தில் இச்செய்திகள் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துள் இடம்பெறுகின்றன. இவ்வைந்து தலங்களில் எழுந்த பதிகங்கள் பண்முறையில் தொகுக்கப்பெற்ற ஏழாம் திருமுறையில் முறையே 54, 89, 61, 74, 95 ஆகிய எண்களில் பிரிந்து நிற்கின்றன. இவற்றை ஒரே பயணமாக இணைத்துக் காட்டியவர் 12ஆம் நூற்றாண்டினரான சேக்கிழார்.

இவ்விணைப்புக்குப் பதிகங்களிலேயே அகச்சான்று உண்டு. கண்ணைப் பறிப்பதே முறையெனில் ஊன்றுகோலேனும் தருக என ஒற்றியூர்ப் பதிகம் வேண்டுகிறது. அக்கோல் கிடைத்த செய்தியை வெண்பாக்கப் பதிகம் தெரிவிக்கிறது. ஆனால் கோலுடன் வந்த இறைவனின் மறுமொழியோ, உள்ளேன் என்று மட்டும் கூறி வழியனுப்பும் அயன்மை உடையது. வேண்டியது கிடைத்தும் உறவு மீளாத நிலை இது. காஞ்சிப் பதிகத்தில் பார்வை பெற்ற வியப்பு மேலோங்குகிறது. அங்கும் கண் இறைவனைக் காண்டற்குரிய கருவியாகவே போற்றப்படுகிறது.

திருவாரூர்ப் பதிகம் இவற்றினின்றும் வேறுபட்டது. ஏழாம் திருமுறையில் செந்துருத்திப் பண்ணில் அமைந்த ஒரே பதிகமும் இதுவே. வெண்பாக்கத்தில் தம் பிழையை ஒப்புக்கொண்ட சுந்தரர், இங்குத் தாம் குற்றம் செய்யவில்லை என்கிறார். பழி இறைவனுக்கே என்கிறார். அடியவர் துயருரைக்கவும் வாளா இருக்கும் இறைவனை நோக்கி, வாழ்த்துப் போலவே வசைமொழி எழுகிறது. இம்முரணைத் தோழமை நெறியின் உரிமைப்பேச்சு எனக் கூறி அமைவாரும் உளர். ஆனால் சுந்தரர் இங்குத் தம்மைத் தோழராக அன்றி மீட்சியற்ற அடிமையாகவே குறிப்பிடுகிறார் என்பது நோக்கத்தக்கது.

இதற்கான விடை அப்பதிகத்தின் இரண்டாம் பாடலில் உள்ளது. தாம் ஒற்றிப்பொருள் அல்லர் என்றும் விருப்பத்தால் ஆட்பட்டவர் என்றும் சுந்தரர் அங்கு உரைக்கிறார். 'ஒற்றி' என்னும் சொல் அடைமானத்தை உணர்த்துவதோடு அவர் கண்ணிழந்த ஊரையும் நினைவூட்டுகிறது. திருவெண்ணெய்நல்லூரில் அவரை ஆட்கொண்டது ஓர் ஆவண ஓலை; அவ்வடிமை வழக்கில் வென்று பெறப்பட்டது. திருவாரூரில் அவர் அறிவிக்கும் அடிமையோ தாமே தேர்ந்துகொண்டது. கண்ணைப் பறித்தவனையும் விட்டு நீங்காமையே அத்தேர்வுக்குச் சான்று. எனவே குற்றமின்மை பற்றிய கூற்று, சூளுறவு மீறியதை மறைப்பதன்று. அப்பிழையைக் கடந்தும் ஆளாம் தன்மை அழியவில்லை என்னும் உறுதியாகக் கொள்ளத்தக்கது.

ஆகவே சுந்தரர் பெற்ற மீட்சி பழைய நிலைக்குத் திரும்புதல் அன்று. கண்கள் பழைய கண்களே. ஆயின் ஓலையால் நிறுவப்பெற்ற உறவு, இழப்பின் வழியே விருப்பால் உறுதிபெற்ற உறவாகிறது. பணிவில் தொடங்கிப் பூசலில் நிறைவுறும் இவ்வைந்து பதிகங்களும், ஐயமும் சினமும் நம்பிக்கைக்குப் பகையல்ல, அதன் முதிர்ச்சிக்குரிய படிகளே என்பதைப் புலப்படுத்துகின்றன.