நிப்பிளைத் துடைக்கும் துணி

நம் ராமேஸ்வரம்-மண்டபம் கரையோரத்து இயந்திரப் பராமரிப்பு வழிகளைப் பற்றிச் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, தலைவர் அய்யா எழுதுவதுதான் முறை என்றேன். அவர் வாழ்த்துரையோடு நிறுத்திக்கொள்கிறாராம். ஆக, பொறுப்பு என் தலையில் விழுந்தது. அலைன்மென்ட் என்றால் என்ன, ஓவர்ஹால் என்றால் என்ன என்றெல்லாம் இந்த மலரை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. யார் யாரிடம் தொழில் படித்தார் என்பதும் நமக்குள் தெரிந்ததே. எந்த வழி எதைக் காத்தது, எதைக் கோட்டை விட்டது என்பதை மட்டும் என் கண்ணுக்குப் பட்டபடி சொல்கிறேன். ரயில்வேகாரர்களும் போட்டுப் பட்டறைக்காரர்களும் கோபித்துக்கொள்வார்கள். அது புதிதல்ல.

மூத்த வழி ரயில்வே வழிதான், அதில் தகராறு கிடையாது. 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறந்த நாளிலிருந்து 2022 டிசம்பர் வரை, கடலுக்கு நடுவே ஓர் இரும்புச் சாமானை நூறு வருஷத்துக்கு மேல் ஓடவிட்டவர்கள் அவர்கள். கப்பலுக்கு வழிவிட அதில் இருந்த ஷெர்சர் தூக்குப் பாலத்தின் இரண்டு இறக்கைகளையும் கடைசி வரை ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். மோட்டார் இல்லாததால் பாரம் எவ்வளவு, எங்கே பிடிக்கிறது, எந்தப் பல்லில் இடறுகிறது என்பதெல்லாம் சுற்றுகிறவனின் தோளுக்கே தெரிந்துவிடும். இன்றைக்கு அதை அளக்க உணரி பொருத்துகிறோம். 1964 டிசம்பர் புயலில் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலில் போனபோதும் தூக்குப் பாலம் நின்றது. கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேட நம் மீனவர்கள் வழிகாட்டினார்கள். அவற்றை எடுத்து, ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் அவர்கள் தலைமையில் 46 நாளில் பாலத்தை மறுபடி ஓடவைத்த கதையை இந்தச் சங்கத்தில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

ரயில்வே வழியின் பலம் பதிவேடு. எந்தக் கர்டரில், எந்த ரிவெட் வரிசையில், எந்த வருஷம் துரு சுரண்டினார்கள், எத்தனை கோட் பெயிண்ட் ஏறியது என்று எழுதிவைப்பார்கள். பெயிண்ட் கும்பல் ஒரு முனையில் தொடங்கி மறு முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் தொடங்கிய இடத்தில் துரு தலைகாட்டிவிடும். அவ்வளவு மோசமான காற்று இது. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி, அரிமானத்தைச் சோதிக்க மண்டபம் முகாமில் களம் அமைத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். நம் கிணற்றடி மோட்டார் கவரைப் பார்த்தாலே போதும். அவர்களுடைய பலவீனம் என்று கேட்டால், மேலிடத்து உத்தரவு வராமல் ஒரு போல்ட்டைத் திருப்ப மாட்டார்கள். இதை ரயில்வேயில் இருந்து வந்த என் ஆசானே சொல்வார். ஆகவே நான் சொல்வதில் தவறில்லை.

புதிய பாலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த அந்தப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி நிமிர்ந்து நிற்காமல் அப்படியே மேலே எழும்புகிறது. மின்சாரத்தில் ஓடுகிறது. பெயிண்டும் உயர்ந்த ரகம். திறப்பதற்கு முன்பே ரயில்வே பாதுகாப்பு ஆணையர் அரிமானத் தடுப்பு போதவில்லை என்று குறை எழுதினார், ரயில்வேயும் பதில் சொன்னது. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. கம்பிவடமும் கப்பியும் மோட்டாரும் கண்ட்ரோல் பேனலும் உப்புக் காற்றில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைத் தினமும் தொட்டுப் பார்க்கப் போகிறவர்கள் யார் என்பது ஒன்றுதான் என் கேள்வி.

இரண்டாவது, போட்டுப் பட்டறை வழி. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் துறைகளில் விசைப்படகு இன்ஜின் பிரிக்கும் நம் சகோதரர்கள். இவர்களுக்கு அரசாங்கமே வருஷாந்தர ஷட்டவுன் கொடுத்துவிடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-லிருந்து 61. பெரிய ஆலைகள் கெஞ்சினாலும் கிடைக்காத அவகாசம் இது. படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, ஷாஃப்டை உருவி, புஷ் தேய்மானம் பார்த்து, இன்ஜினை ஒரேயடியாகப் பிரித்துக் கோக்கிறார்கள். வேகத்தில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. கிடைக்கிற சாமானை வைத்து நடுக்கடலில் இன்ஜினை உயிர்ப்பிக்கும் வித்தை இவர்களுடையதுதான். ஆனால் எழுதிவைக்க மாட்டார்கள். எல்லாம் மண்டைக்குள். மேஸ்திரி போனால் கணக்கும் போச்சு.

மூன்றாவது வழுதூர் வழி. அங்குள்ள எரிவாயு மின் நிலையத்தின் முதல் அலகு 2003-ல் வந்தது, 95 மெகாவாட். அடுத்தது சில வருஷம் கழித்து, 92 மெகாவாட் சொச்சம். இவர்கள் புத்தகக்காரர்கள். டர்பைன் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை ஸ்டார்ட் ஆனது என்று பார்த்து அதன்படி பிரிப்பார்கள். காற்று வடிகட்டியில் உப்பு ஏறினால் கம்ப்ரஸர் பிளேடில் படியும், பிளேடைக் கழுவ வேண்டும், கழுவாவிட்டால் மெகாவாட் குறையும். இதை ஐந்து நிமிஷத்தில் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். வாலிநோக்கம் உப்பு நிறுவனத்துப் பம்புக்காரர்களையும் கமுதி சூரிய மின் நிலையத்துக்காரர்களையும் தனி வழியாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். கமுதியில் 648 மெகாவாட்டுக்கான தகடுகளை ரோபோக்கள் துடைக்கின்றன. ரோபோவைத் துடைக்கிறவர் சங்கத்தில் சேரட்டும், அப்புறம் பார்ப்போம்.

இனி என் வழி. ஐஸ் பிளாண்ட் வழி என்றால் மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மீன் வந்து இறங்குகிற நேரத்தில் கம்ப்ரஸர் நின்றால் துறையே நாறும். அதைவிடக் கறாரான பரீட்சை எந்த ஆலையிலும் கிடையாது. என் ஆசானான எங்கள் மேஸ்திரியின் பெயரை நான் எழுதத் தேவையில்லை, மண்டபத்துக்காரர் எல்லோருக்கும் தெரியும். ரயில்வேயில் கொஞ்ச காலம் கலாசியாக இருந்துவிட்டு ஐஸ் பிளாண்டுக்கு வந்தவர். பதிவேட்டு ஒழுக்கத்தை அங்கிருந்தும், கைப்பக்குவத்தைப் பட்டறையிலிருந்தும் எடுத்துக்கொண்டார். அதனால்தான் இரண்டு தரப்பையும் அவரால் திட்ட முடிந்தது.

காலையில் வந்ததும் அவர் சுவிட்சைத் தொட மாட்டார். பழைய வேட்டித் துணி ஒன்றை எடுத்து கம்ப்ரஸரைத் துடைப்பார். ஆயில் சீல் ஓரம், கிளாண்ட், பேஸ் போல்ட், பெல்ட் கார்டு என்று வரிசையாக. துணியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பித்தளைத் தூள் மினுங்கினால் புஷ் தேய்கிறது. போல்ட் அடியில் செம்பழுப்புப் பொடி இருந்தால் போல்ட் ஆடுகிறது. அடுத்து புறங்கையை பேரிங் மேல் வைப்பார். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஹவுஸிங்கில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். அம்மோனியா கசிகிறது என்று சந்தேகம் வந்தால் கந்தகத் திரியைக் கொளுத்தி ஜாயிண்ட் ஜாயிண்டாகக் காட்டுவார். கசிவு உள்ள இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். கடைசியில் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு எண்களை எழுதுவார்: கண்டென்சர் தண்ணீர்ச் சூடு, டிஸ்சார்ஜ் பிரஷர். தண்ணீர் அதே சூட்டில் இருக்க பிரஷர் மட்டும் ஏறினால், உள்ளே காற்று புகுந்திருக்கிறது, அல்லது குழாயில் உப்புப் படிந்திருக்கிறது. நாங்கள் ஏதாவது கேட்டால், "மிசினைக் கேளுடா, எங்கிட்டக் கேக்காதே" என்பார்.

நன்றாக ஓடுகிற இயந்திரத்தைத் தேதி வந்துவிட்டது என்பதற்காகப் பிரிக்க அவர் சம்மதிக்க மாட்டார். முதலாளிகள் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தார்கள். அமெரிக்காவில் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலன், ஹீப் என்ற இருவர் 1978-ல் எழுதிய அறிக்கையை அவர் படித்திருக்க வழியில்லை. விமான பாகங்களை ஆராய்ந்து, வயது கூடக்கூடப் பழுதாகிறவை 11 சதவீதம்தான் என்று கண்டார்கள். 68 சதவீதத்தில் புதிதாக மாட்டிய உடனேதான் பழுது அதிகம், பிறகு ஒரே சீராக ஓடுகின்றன. அதாவது கண்டபடி பிரித்து மாட்டுவதே பழுதைக் கொண்டுவருகிறது. ஜப்பானில் நாகஜிமா என்பவர் பரப்பிய டி.பி.எம். என்ற பராமரிப்பு முறையில், இயந்திரத்தை ஓட்டுகிறவனே அதைத் துடைக்க வேண்டும், துடைப்பதே சோதனை என்று ஒரு பாடம் உண்டு. அந்தப் பாடத்துக்கு இன்று பெரிய ஆலைகள் பணம் கட்டி ஆள் வரவழைக்கின்றன. எங்கள் பிளாண்டில் அது வேட்டித் துணி விலைக்கு நடந்தது.

இந்த இடத்தில் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். யாரையும் குறித்துச் சொல்லவில்லை. நம் உறுப்பினர்களில் அப்படிப்பட்டவர் இல்லை என்றே நம்புகிறேன். கிரீஸ் அடிக்கும்போது, கிரீஸ் கன் மாட்டும் முனையான நிப்பிளைத் துடைக்காமல் அடிக்கிறார்கள்.

சின்ன விஷயம் என்று தள்ளிவிடக் கூடாது. நம் ஊர் நிப்பிள் தலையில் எப்போதும் மணலும் உப்பும் உட்கார்ந்திருக்கும். துடைக்காமல் கன்னை வைத்து அழுத்தினால் முதலில் உள்ளே போவது அந்த மணல்தான், கிரீஸ் அதன் பின்னால்தான் போகிறது. இவர்கள் பேரிங்குக்கு மசகு போடவில்லை, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். இன்னும் சிலர், ஏற்கெனவே உள்ளே என்ன கிரீஸ் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. லித்தியம் இருக்கும் இடத்தில் சோடியத்தை ஏற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் இளகி ஓடும். சோடியம் கிரீஸோ தண்ணீர் பட்டால் கரையும், கடலோரத்தில் அதற்கு என்ன வேலை? வேறு சிலர் சீல் பிதுங்கும் வரை அடிக்கிறார்கள். கிரீஸ் கூடினாலும் பேரிங் சூடாகும் என்று சொன்னால், "அய்யா காலம் வேறே" என்கிறார்கள். எந்தக் காலத்தில் மணல் பேரிங்குக்கு ஆகாரமாயிற்று?

துடைக்காதவன் தொடவில்லை. தொடாதவனுக்குச் சூடு தெரியாது, அதிர்வு தெரியாது, செம்பழுப்புப் பொடி கண்ணில் படாது. ஆனால் ஷீட்டில் டிக் விழுந்துவிடுகிறது. ஷிப்ட் முடிய அரை மணி இருக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து நாற்பது கட்டத்துக்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் டிக். இப்போது கைபேசியில் படம் எடுத்து அனுப்புகிறார்கள். படத்தில் பேரிங் பளபளவென்று இருக்கிறது, சூடு படத்தில் தெரியுமா? இந்த டிக்கை நம்பி மேலே ஒருவர் அறிக்கை எழுதுகிறார், அந்த அறிக்கையை நம்பி இன்னொருவர் உதிரிபாகம் வேண்டாம் என்று கையெழுத்துப் போடுகிறார். ஆலை நிற்பது, மின்சாரம் போவது, ஐஸ் இல்லாமல் மீன் அழுகுவது, படகு பாதிக் கடலில் நிற்பது என எதை விசாரித்தாலும், அடியில் துடைக்காத ஒரு நிப்பிள் இருக்கும் என்பேன். ஐ.டி.ஐ.யில் சொல்லித்தருவதில்லை என்கிறார்கள், ஒப்பந்தக்காரர் துணி கொடுப்பதில்லை என்கிறார்கள். வீட்டில் ஒரு பழைய வேட்டி கூடவா கிடைக்காது? தேசத்தில் ஒழுக்கம் குறைந்துவிட்டது என்று பேசுகிறவர்கள் எங்கெங்கோ காரணம் தேடுகிறார்கள். கிரீஸ் கன் பிடித்த கையில் தேடட்டும். கூடுதலாகச் சொல்லிவிட்டேன் என்று தலைவர் அய்யா நினைத்தால் வெட்டிவிடலாம். ஆனால் மேஸ்திரி இருந்திருந்தால் இன்னும் கூடுதலாகச் சொல்லியிருப்பார்.

உணரி வேண்டாம் என்கிற கட்சியில் நான் இல்லை. பழைய பாலத்தின் தூக்குப் பகுதி ஆபத்தில் இருக்கிறது என்று 2022 டிசம்பரில் எச்சரித்ததில் சென்னை ஐ.ஐ.டி. பொருத்திய உணரிகளுக்குப் பங்கு உண்டு. அதன் பேரில் ரயிலை நிறுத்தியதுதான் சரி. ஆனால் உணரியின் தலையையும் ஒருவர் துடைக்க வேண்டும், வயர் முனையில் பச்சைத் துரு பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். வரும் தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும்போது, நம் மாவட்டத்து ஐ.டி.ஐ. பையன்களைத் துறைக்கு அழைத்து, நான்கு வழிக்காரர்களும் ஆளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கற்றுத்தர வேண்டும். ரயில்வேகாரர்கள் பதிவேடு எழுதவும், பட்டறைக்காரர்கள் இன்ஜின் பிரிக்கவும், வழுதூர்க்காரர்கள் கணக்குப் போடவும் சொல்லித்தரட்டும். துடைப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். பழைய லாக் புத்தகம் வைத்திருப்பவர்கள் எடைக்குப் போடாமல் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். வகுப்புக்குப் பெயர் தருகிறவர்கள் மார்ச் கடைசிக்குள் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள். கிரீஸ் கன்னும் துணியும் வாங்கச் சங்க நிதியிலிருந்து தொகை ஒதுக்கும்படி பொருளாளரை இதன் மூலமே கேட்டுக்கொள்கிறேன்.