வெற்றுத்தாள் தொகுதிகள்: ‘த நிக்கல் போய்ஸ்’ நாவலும் சீர்திருத்தப் பாடசாலையும்

சிறைச்சாலையைப் பொருளாகக் கொண்ட இலக்கியங்கள் பல உள. பாடசாலை என்ற பெயரைத் தாங்கிய சிறைச்சாலையைப் பொருளாகக் கொண்டவை அத்துணை இல்லை. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளரான கோல்சன் வைற்ஹெட் 2019 ஆம் ஆண்டில் வெளியிட்டு, மறு ஆண்டு புலிற்சர் பரிசினைப் பெற்ற ‘த நிக்கல் போய்ஸ்’ இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நிறவெறியின் கொடுமையைக் கூறும் நாவலாக இதனை வாசிப்பது இயல்பே, அவ்வாசிப்பில் தவறொன்றுமில்லை. எனினும், நாவலில் வரும் நிக்கல் நிறுவனம் தன்னைப் ‘பாடசாலை’ என்றே அழைத்துக்கொள்கிறது. அந்தச் சொல்லை அதன் முழுப் பொருளிலும் எடுத்துக்கொண்டு நாவலை நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணம்.

நிக்கல் கற்பனையன்று. புளோரிடா மாநிலத்தின் மரியானா நகரில் 1900 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, 2011 வரை இயங்கிய டோசியர் ஆண்கள் பாடசாலையே அதன் மூலம். திறந்து ஏறத்தாழ மூன்றாண்டுகளில் அங்கு சென்ற சட்டசபைக் குழுவினர், சிறுவர்கள் விலங்கிடப்பட்டிருந்ததைக் கண்டனர். அதன் பின்னரும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது பாடசாலையாகவே இருந்தது. மூடப்பட்ட பின் தென் புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் மானிடவியலாளர் நடத்திய அகழ்வில் 55 புதைகுழிகள் வெளிப்பட்டன. அதுவரை அங்கிருந்த சிலுவைகளோ 31 மட்டுமே. 2017 இல் மாநிலச் சட்டசபை மன்னிப்புக் கோரியது.

நாவலின் நாயகன் எல்வூட் கேர்ட்டிஸ் 1960களின் தலஹாசி நகரச் சிறுவன். மார்ட்டின் லூதர் கிங்கின் உரைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு வளர்ந்தவன். கல்லூரி வகுப்பொன்றுக்குச் செல்லும் வழியில் அவன் ஏறிய கார் திருட்டுக் காராக இருந்துவிட, நிக்கலுக்கு அனுப்பப்படுகிறான். இதற்கு முன்னரே, நாவலின் தொடக்கப் பகுதியில், ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் துடைக்கும் போட்டியில் வென்று கலைக்களஞ்சியத் தொகுதிகளைப் பரிசாகப் பெறுகிறான். முதல் தொகுதியில் மட்டுமே அச்சு இருக்கிறது. ஏனையவை விற்பனையாளர் காட்டித் திரியும் மாதிரிகள்; முதுகில் பொன்னெழுத்து, உள்ளே வெற்றுத்தாள். ஆசிரியர் இதற்கு விளக்கம் எதுவும் தராது நகர்ந்து விடுகிறார். நிக்கலின் வகுப்பறைக்குள் எல்வூட் நுழைந்து, சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குரிய வாசிப்பு நூல்களைக் காணும்போது, வாசகனுக்கு அத்தொகுதிகள் தாமாகவே நினைவுக்கு வருகின்றன. உயர்ந்த பாடம் வேண்டுமென்று அவன் கேட்கிறான்; ஆசிரியர் நல்ல வார்த்தை சொல்லுகிறார்; ஒன்றும் நடப்பதில்லை.

தரச்சான்று என்பது தொகுதியின் முதுகைப் பார்ப்பதா, தாளைப் புரட்டுவதா? 1854 ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சீர்திருத்தப் பாடசாலைச் சட்டம், அரசின் பரிசோதகர் பார்வையிட்டுச் சான்றளித்த இடத்துக்கே சிறுவரை அனுப்பலாம் என்றது. அச்சான்று கட்டடமும் ஒழுங்கும் தகுந்தவை என்பதற்கேயன்றி, பிள்ளை என்ன கற்றான் என்பதற்கன்று. எமது நாட்டில் 1939 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழி வழக்கிலுள்ள ‘சான்றுபெற்ற பாடசாலை’ என்ற தொடரிலும் அந்தப் பழைய வாடை வீசுகிறது. நாவலில் மாநிலப் பரிசோதகர் வருவது முன்னரே தெரிந்துவிடுகிறது, வளவு துப்புரவாகிறது. கறுப்பினச் சிறுவருக்கு வந்த உணவுப் பொருள்கள் ஊர்க் கடைகளுக்கு விற்கப்பட்டதை எல்வூட் நாள் தவறாது குறித்து வைத்திருக்கிறான். அக்குறிப்பு, நண்பன் ரேணரின் கையால் பரிசோதகரிடம் சேர்கிறது. அதற்குக் கிடைத்த மறுமொழி எல்வூட்டுக்கு அடியும் இருட்டறையும். பரிசோதனையை இவ்வளவு கசப்பாகக் காட்டிய எழுத்து வேறொன்றை நான் படித்ததில்லை.

இனி ஒரு குறை. எல்வூட் குற்றமற்றவன், போதாததற்கு அறிவாளி. அவனுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று ஒப்புக்கொள்ள வாசகனுக்கு எவ்விதச் சிரமமும் இல்லை. காரை உண்மையாகவே திருடியவனும், பதினாறு வயதில் எழுத்துக் கூட்டி வாசிப்பவனும் அல்லவா இத்தகைய இடங்களில் பெரும்பாலும் இருப்பவர்கள்? அவர்களுக்கு நல்ல பாடசாலை உரியதா என்ற வினாவே கடினமானது. ஆசிரியர் எல்வூட்டின் மூலம் அதனைத் தவிர்த்து விடுகிறார். ஆனால் கிறிஃப் என்னும் குத்துச்சண்டைக்காரன் மூலம், தாமறிந்தோ அறியாமலோ, அதனைத் தொட்டுவிடுகிறார். மூன்றாம் சுற்றில் தோற்றுவிழ வேண்டுமென்று அவனுக்குக் கட்டளை. அவனோ வென்று விடுகிறான். இரண்டாம் சுற்று என்றே எண்ணியிருந்ததாகக் கதறுகிறான். அன்றிரவு கொண்டுசெல்லப்பட்டவன் திரும்பவில்லை. மூன்று வரை எண்ணக் கற்பிக்காத பாடசாலையில், எண்ணத் தெரியாமையாலேயே ஒருவன் இறக்கிறான். நாவலின் மிக வலிமையான கல்வி விமர்சனம் எல்வூட்டின் கண்ணீரில் அன்று, இங்கேதான் உள்ளது என்பேன்.

நாவலை மூடிவைக்கும் வாசகன், இவற்றை இடித்துத் தள்ளுவதே வழி என்ற முடிவுக்கு வரக்கூடும். டோசியரைப் பொறுத்தவரை அது சரி. ஆயினும் இடித்த மறுநாள், காவலில் இருக்கும் பிள்ளைக்கு யார் பாடஞ் சொல்வது? வோஷிங்டன் நகரின் ஓக் ஹில் காவல் நிலையம் 1980களிலிருந்து நீதிமன்ற வழக்கில் சிக்கியிருந்த இடம். அதனுள்ளிருந்த பாடசாலையை 2007 இல் டேவிட் டொமெனிச்சி, ஜேம்ஸ் ஃபோர்மன் ஆகியோர் தொடங்கிய கல்வி நிறுவனம் பொறுப்பேற்று, மாயா ஏஞ்சலோ அக்கடமி என்ற பெயரில் நடத்தியது. அவர்கள் செய்தவற்றுள் என்னைக் கவர்ந்தது மிகச் சாதாரணமான ஒன்று. காவலுக்கு வரும் பிள்ளை தவணை தொடங்கும் நாள் பார்த்து வருவதில்லை. முடியும் நாள் பார்த்துப் போவதுமில்லை. எனவே ஆண்டுப் பாடத்தை ஏறத்தாழ ஒவ்வொரு மாத அலகுகளாகப் பிரித்து, முடித்த அலகுக்குரிய புள்ளியை அப்போதே வழங்கினர். எந்த நாளில் வெளியேறினாலும் கையில் ஏதாவது இருக்கும்.

அந்த ‘ஏதாவது’ வெளியிலுள்ள பாடசாலையில் செல்லுபடியாக வேண்டும். அங்கீகாரம் பயனுடையதாவது அப்போதுதான். உள்ளே ஈராண்டு படித்தவனை வெளிப் பாடசாலை மீண்டும் பழைய வகுப்பிலேயே இருத்துமாயின், அவன் நாளடைவில் வராமலே விடுவான். ஐக்கிய அமெரிக்கக் கல்வித் திணைக்களமும் நீதித் திணைக்களமும் 2014 டிசம்பரில் கூட்டாக வெளியிட்ட ஐந்து கோட்பாடுகளுள், வெளியேறுபவன் கல்வியைத் தொடர வழிசெய்தலும் ஒன்று. 2015 ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் புள்ளிகளை மாற்றித் தருதல் பற்றிப் பேசுகிறது. காகிதத்தில் இவை அழகானவையே. நிக்கலின் அதிகாரிகளிடமும் விதிநூல் இருந்தது. கடைநிலைப் புழுவிலிருந்து ‘ஏஸ்’ வரை நான்கு படித்தரங்களும் இருந்தன. உச்சப் படியை அடைந்தவன் வீடு செல்லலாம். படியேற்றுவதும் இறக்குவதும் அடிப்பவனின் விருப்பம். வெளியே எந்தப் பாடசாலையும், எந்த முதலாளியும் அந்தத் தரத்தை ஒரு பொருட்டாக மதிக்கப் போவதில்லை.

பல்லாண்டுகளின் பின் நியூயோர்க்கில், நிக்கலிலிருந்து தப்பிய ஒருவன் வீட்டுச் சாமான் ஏற்றியிறக்கும் கம்பனி நடத்துகிறான். அதற்கு அவன் இட்ட பெயர் ‘ஏஸ்’.