ஓவியர் ஜோர்ஜ் கீற்: கோடும் கவியும்

கண்டி மாநகரில் 1901ஆம் ஆண்டு பறங்கியர் குலத்திற் பிறந்து, அந்நகரத்துத் திரித்துவக் கல்லூரியிற் பயின்ற ஓவியர் ஜோர்ஜ் கீற் என்பாரைப் பிக்காசோவின் வழிவந்தவர் என்று கூறி அமைவார் பலர். இக்கூற்றுப் புகழ்போலத் தோன்றினும் அவர்க்கு இழுக்கே செய்வதாகும்.

ஒரு முகத்தையே நேராகவும் பக்கமாகவும் ஒருங்கே காட்டும் முறையை அவர் மேனாட்டாரிடம் கற்றார் என்பது மெய்யே. ஆயின் அவர்தம் கோடு எங்கிருந்து வந்தது? கண்டிக்கு அண்மையிலுள்ள தெகல்தொருவைக் குகை விகாரையைக் கண்டோர் விடை அறிவர். நாயக்கர் வழியினனாகிய கீர்த்திசிறீ இராசசிங்கன் (1747-1782) காலத்துச் சாதகக்கதை ஓவியங்கள் ஆங்குள. அவற்றில் நிழல் இல்லை. சேய்மை அண்மை வேறுபாடும் இல்லை. செந்நிலத்தின்மீது ஓடும் கோடொன்றே உருவங்களை ஈன்று செல்கின்றது. இளமையில் மல்வத்தை விகாரைத் துறவியரோடு பழகிய கீற் இத்தகைய சுவர்களின் நடுவே வளர்ந்தவர். மேனாட்டார் உருவத்தைப் பகுத்தறிதற்கு உடைத்தனர். இவரோ கோட்டின் ஓட்டம் தடைப்படாமைப் பொருட்டு உடைத்தார் என்பது எம் கருத்து.

1939-40இற் பொரளைக் கோதமி விகாரையிற் புத்தர் பெருமான் வரலாற்றை எழுதியபோது இக்கோடு முழு வன்மை பெற்றது. சிறு பட்டைகளிற் கதை தொடுக்கும் கண்டி மரபை விடுத்துப் பேருருவங்களாற் சுவரை நிரப்பினார். மரபை அறிந்தவனன்றோ அதனை மீறவும் வல்லான்!

கீற் ஆங்கிலக் கவிஞருமாவர். 1936, 1937 ஆம் ஆண்டுகளிற் கவிதை நூல்கள் வெளியிட்டார். ஜெயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலப்படுத்தினார். இம்மொழிபெயர்ப்பைத் துணைத் தொழிலெனத் தள்ளுதல் தவறு. அதன்பின் அவர் எழுதிய இராதையும் நாயகியரும் அந்நூலிலிருந்தே எழுந்தவர்கள். நாயகியின் அருகே தோழி அமர்ந்து செவிசாய்க்கும் காட்சி, அகத்திணை பயின்ற நமக்கு எவ்வளவு அணுக்கமானது! ஆயினும் தமிழில் இவரைப்பற்றி எழுதினோர் மிகச் சிலரே.

1943இல் லயனல் வென்ற் முதலியோருடன் சேர்ந்து 43ஆம் குழுவைத் தோற்றுவித்தார். 1993இல் மறையும்வரை எழுதுகோலை வைத்தாரல்லர். அதுவே ஒரு குறையுமாயிற்று. பிற்கால நாயகியருட் பலர் ஒரே அச்சில் வார்த்தவர்போல்வர். கண்ணும் தோளும் பழகிய வடிவிலேயே வந்து நிற்கும். வண்ணம் மிகுந்த அவ்வோவியங்களைக் காட்டிலும், வண்ணமே தீண்டாத அவருடைய கோட்டுச் சித்திரங்களை யாம் மேலாகக் கொள்வோம். அவற்றிற் கை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.