சேது நாணயங்களும் அச்சாராய்ச்சியும்

ஈழநாட்டு வரலாற்றை ஆராய்வார்க்குக் கல்வெட்டும் ஏடும் உதவுமாறு போலவே பழங்காசும் உதவும். அக்காசுகளுள் சேது நாணயம் எனப்படுவது தமிழர்க்குச் சிறப்பாக உரியது. அச்செப்புக்காசின் ஒருபுறத்தே நின்ற மனிதவுருவமும், மறுபுறத்தே படுத்த இடபமும், அதன்கீழ்ச் 'சேது' என்னுந் தமிழ்ச்சொல்லும் காணப்படும்.

இக்காசை வெளியிட்டவர் யாவர்? இராமநாதபுரத்துச் சேதுபதிகளே என முன்னர்ச் சிலர் கருதினர். கொட்றிங்டன் 1924 இல் வெளியிட்ட இலங்கை நாணய நூலில் இதனை யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுக்கு உரியதாக்கினார். முதலியார் இராசநாயகமும் 1926 இல் அம்முடிபையே வற்புறுத்தினார். கேகாலைப் பகுதியிற் கிடைத்த கொட்டகமக் கல்வெட்டில் 'சேது' என்னும் மொழி இடம்பெறுதலும், இடபம் யாழ்ப்பாண வேந்தரின் கொடிச்சின்னமாதலும், சேதுபதிகள் 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மதுரை நாயக்கரின்கீழ் ஆட்சியுரிமை எய்தியமையும் இம்முடிபுக்கு அரண் செய்கின்றன. ஆதலின் இது கொள்ளத்தக்கதே.

எனினும், ஆரியச்சக்கரவர்த்திகளுள் எவர் எக்காசை வெளியிட்டார் என்னும் அடுத்த வினாவுக்கு இச்சான்றுகள் விடை தாரா. கொட்றிங்டனின் முறை உருவத்தையும் நிறையையுங் கொண்டு வகை பிரிப்பது. வகை வேறு, அச்சு வேறு. ஒரே வகைக்காசு பல அச்சுகளால் அடிக்கப்பட்டிருக்கலாம்.

இவ்வேறுபாட்டின் பயனை ஐக்கிய அமெரிக்காவின் பெருஞ்செப்புச் சதங்கள் நன்கு விளக்கும். அவை 1793 முதல் 1857 வரை அடிக்கப்பட்டவை. தொடக்கத்தில் அச்சுகள் தனித்தனியே கையால் முடிக்கப்பட்டமையின், இலக்கங்களின் இடைவெளியும் கூந்தலின் இழையும் அச்சுக்கு அச்சு மாறின. 1793 ஆம் ஆண்டின் முதற்சதத்திலே நாட்டின் பெயர் குறுக்கிப் பொறிக்கப்பட்டது. பின்வந்த அச்சில் அது முழுமையாயிற்று. இத்தகைய வேறுபாடுகளைத் தொகுத்து 1793 முதல் 1814 வரையுள்ள சதங்களுக்கு எண்ணிட்டு ஷெல்டன் 1949 இல் நூல் வெளியிட்டார்.

அச்சுகள் இரண்டும் ஒருங்கே தேய்வதில்லை. சம்மட்டியடியை நேரே ஏற்கும் மேலச்சு முந்திப் பழுதுறும். கீழச்சு நெடிது நிற்கும். ஆகவே, ஒரே கீழச்சு இருவேறு மேலச்சுகளோடு இணைந்த காசுகள் ஒரே சாலையிற் பிறந்தன என்பதும், கீழச்சின் வெடிப்பு மிக்குத் தோன்றுவது பின்னடிக்கப்பட்டது என்பதும் புலனாகும். அமெரிக்கச் சதம் தன் ஆண்டைத் தானே கூறும். சேதுக்காசோ ஆண்டு கூறாது. ஆதலின் அங்கே துணைச்சான்றாக நிற்கும் அச்சு, இங்கே முதற்சான்றாதல் வேண்டும்.

அச்சாராய்ச்சிக்கும் எல்லையுண்டு. அது முன்பின் முறையைக் காட்டுமேயன்றி அரசன் பெயரைக் கூறாது. அதற்குக் காசு கிடைத்த இடமும், உடன்கிடைத்த பொருளும் தெரிதல் வேண்டும். இவ்விடத்தே சேகரிப்போரின் கடமை பெரிதாகின்றது. கல்முனை, மருதமுனை, நிந்தவூர் முதலிய கரையூர்களிலாயினும் யாழ்ப்பாணத்திலாயினும், நிலத்தினின்று வெளிப்படும் செப்புக்காசு புளியிட்டுத் துலக்கப்படின் எழுத்தின் விளிம்பும் வெடிப்பின் கோடும் அழிந்தொழியும். செம்பின் நிறைக்கு விற்கப்படின் காசே உலையில் மறையும். கிடைத்த இடம் குறிக்கப்படாத காசோ பேழைக்கு அணியாகுமேயன்றி வரலாற்றுக்குச் சான்றாகாது.

எனவே, இருபுற நிழற்படமும், நிறையும், கிடைத்த இடமும் ஒருங்கு பதியப்பெற்ற சேதுக்காசுப் பட்டியலொன்று வேண்டற்பாலது. கொட்றிங்டனும் இராசநாயகமும் இட்ட அடித்தளத்தின்மேல் எழுப்பத்தக்க கட்டடம் அதுவேயாம்.