கண்ணாடிக்கு முன்னால் அம்மா

பழைய ஆல்பங்களில் எனக்கு மிகவும் பிடித்தது வளைகாப்புப் படம். மொட்டையடித்துக் காதுகுத்திய நாள், முதல் பிறந்தநாள், குலதெய்வக் கோயில் வாசலில் குடும்பமே வரிசையாக நின்றது என்று எத்தனையோ படங்கள் இருக்கும். எல்லாவற்றிலும் அம்மா இருப்பாள். யாரையாவது பிடித்துக்கொண்டு, யாருக்காவது இடம் விட்டு, ஓரமாக இருப்பாள். பூஜடை தைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்த படத்தில்தான் அவள் தனியாக நிற்பாள்.

அந்த ஜடையே ஒரு கலை. மல்லிகை மொட்டுகளை நெருக்கி அடுக்கி, இடையிடையே கனகாம்பரமும் தாழம்பூ மடலும் வைத்து, ஊசி நூலால் பின்னலோடு சேர்த்துத் தைப்பார்கள். மணிக்கணக்கான வேலை. அவ்வளவு நேரமும் அவள் சும்மா உட்கார்ந்திருப்பாள். மற்றவர்கள் அவளுக்காக வேலை செய்வார்கள். பிள்ளை பிறந்தபின் அப்படி ஒரு நாள் அவளுக்கு வாய்ப்பது அரிது.

ஆனால் முகத்தை எடுத்தால் ஜடை தெரியாது. ஜடையை எடுத்தால் முகம் தெரியாது. ஸ்டுடியோக்காரர்கள் இதற்கு ஆளுயரக் கண்ணாடியால் வழி கண்டார்கள். சிலர் பெண்ணைக் கேமரா பார்க்க உட்காரவைத்து, பின்னால் உள்ள கண்ணாடியில் ஜடை விழும்படி எடுத்தார்கள். சிலர் முதுகை நமக்குக் காட்டச் செய்து, முகத்தைக் கண்ணாடியில் பிடித்தார்கள். இரண்டாவது வகைதான் உயர்ந்தது என்பேன்.

அதில் உள்ள சிரமத்தைச் சொன்னால் புரியும். கண்ணாடியில் தெரியும் முகம் லென்ஸைப் பொறுத்தவரை கண்ணாடிப் பரப்பில் இல்லை. அதற்கு அப்பால் உள்ளே இருக்கிறது. கேமராவிலிருந்து 6 அடியில் பெண், அவளிடமிருந்து 2 அடியில் கண்ணாடி என்றால், ஜடை 6 அடியிலும் முகம் 10 அடியிலும் இருப்பதாகக் கணக்கு. ஜடைக்கு ஃபோகஸ் வைத்தால் முகம் மங்கும். முகத்துக்கு வைத்தால் மொட்டுகள் குழைந்துவிடும். இரண்டும் துலங்க வேண்டுமானால் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் குறையும். அதற்கு ஈடாகக் கூடுதல் நேரம் திறந்து வைக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க, வயிற்றுப் பிள்ளையோடு அவள் அசையாமல் நிற்க வேண்டும். கறுப்புத் துணிக்குள் குனிந்திருக்கும் ஸ்டுடியோக்காரரும் கண்ணாடியில் விழுந்துவிடக் கூடாது. அதற்காகக் கண்ணாடியைச் சற்றே சாய்த்துத் திருப்புவார். மொட்டுகளை எண்ணிவிடலாம் என்ற தெளிவும், அங்கே உள்ளே மூக்குத்தியில் ஒரு புள்ளி ஒளியும் ஒரே படத்தில் கிடைத்தால், பெயர் தெரியாத அந்த மனிதரை மனசுக்குள் கும்பிடுகிறேன்.

பிறகு கண்களைப் பார்ப்பேன். அவை நம்மை நேராகப் பார்த்தால், அவள் லென்ஸைப் பார்த்திருக்கிறாள், சொன்னபடி நின்றிருக்கிறாள். சில படங்களில் பார்வை நம்மைவிட்டுக் கொஞ்சம் விலகியிருக்கும். அங்கே அவள் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேமரா, ஸ்டுடியோ, துணைக்கு வந்த நாத்தனார் எல்லாரையும் மறந்து, இன்று நான் எவ்வளவு அழகாக இருக்கிறேன் என்று பார்க்கிறாள். தமிழ் ஸ்டுடியோக்கள் தந்த படங்களில் இதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

இதற்கு நேரெதிரான படங்கள் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏராளம். கைக்குழந்தை அசைந்தால் படம் கலங்கிவிடும் என்பதால் அம்மா அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அம்மா படத்தில் தெரியக் கூடாது. அவள் தலையோடு திரைச்சீலையோ கம்பளமோ போர்த்தி, நாற்காலி மாதிரி ஆக்கிவிடுவார்கள். சிலவற்றில் முகத்தையே சுரண்டி எடுத்திருக்கிறார்கள். லிண்டா ஃப்ரெக்னி நாக்லர் என்ற கலைஞர் இப்படிப்பட்ட 997 படங்களைச் சேர்த்து 2013 வெனிஸ் பினாலேயில் காட்சிக்கு வைத்தார். ஒன்றிரண்டு பார்த்தால் விசித்திரமாக இருக்கும். அத்தனையையும் சேர்த்து நினைக்கும்போது கோபம் வருகிறது.

இன்று போர்வை தேவைப்படவில்லை. கைபேசியைப் பிடித்திருப்பவளே அம்மா என்பதால் படத்துக்குள் அவள் வருவதே இல்லை. கூப்பிட்டாலும், “தலையெல்லாம் கலைஞ்சு கெடக்கு, என்னை எதுக்கு எடுக்கிறே? பிள்ளைய எடு” என்பாள். கடைசியில் மாலை போடத் தனிப்படம் ஒன்று கிடைக்காமல் கல்யாணக் குரூப் போட்டோவிலிருந்து வெட்டியெடுப்பார்கள். தோள் ஓரத்தில் யாருடைய சட்டைக் கையோ ஒட்டிக்கொண்டிருக்கும்.

தலை கலைந்திருப்பது ஒரு தடையே அல்ல. நெதர்லாந்துப் புகைப்படக் கலைஞர் ரினெக்கே டைக்ஸ்ட்ரா 1994இல் மூன்று தாய்மார்களை எடுத்தார். ஒருத்தி பிள்ளை பெற்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஒருத்திக்கு ஒரு நாள். ஒருத்திக்கு ஒரு வாரம். வெறும் சுவர் முன்னால், பிள்ளையை மார்போடு அணைத்து நிற்கிறார்கள். ஒருத்தியின் காலில் ரத்தம் கோடாக வழிந்திருக்கிறது. நகை இல்லை, பூ இல்லை. ஆனால் அந்தப் பெண்கள் நிற்கும் நிமிர்வைப் பார்க்க வேண்டும். பெரிய கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, அவசரமில்லாமல், முழு ஆளையும் எடுத்திருக்கிறார். நம் ஸ்டுடியோக்காரரும் தன் வழியில் அதே மரியாதையைத்தான் காட்டினார்.

அம்மாவை எடுக்க நினைப்பவர்கள் முதலில் பிள்ளையை அரை மணி நேரம் வேறு யாரிடமாவது கொடுங்கள். புடவையோ நைட்டியோ, அவளே முடிவு செய்யட்டும். வெயில் நேரே விழாத ஜன்னல் பக்கம் நிற்க வையுங்கள். கைபேசியை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெருத்துவிடும். ஐந்தாறு அடி தள்ளி நின்று ஜூம் வைத்து எடுங்கள். ‘சிரி’ என்று சொல்லாதீர்கள். எடுத்த எல்லாவற்றையும் அவளிடமே காட்டுங்கள். உங்களுக்குப் பிடித்தது, ஏதோ நினைத்துப் பாதி சிரித்த படமாக இருக்கும். அவள் நிமிர்ந்து நேராகப் பார்த்த வேறொன்றைக் காட்டுவாள். பிரிண்ட் போட வேண்டியது அவள் காட்டியதைத்தான்.