அரும்பு, மொட்டு, மலர்: குழு சரி, முத்திரை தவறு

கல்வி உரிமைச் சட்டப்படி 60 மாணவர் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்ளும் அந்தப் பள்ளிகளில், எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே வேகம் என்பது நடக்காத காரியம். 2022 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இதை ஒப்புக்கொண்டது. குழந்தை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று பாராமல், அதற்கு என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனக் குழு பிரிக்கச் சொன்னது. கொரோனாவில் பள்ளியே பார்க்காத பிள்ளைகளுக்கு இது பேருதவி.

இதற்கு முன்னோடி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல். பாடத்தைச் சிறு சிறு படிகளாக அட்டைகளில் பிரித்துத் தரும் அதன் ஏணிப்படி முறையில் ஓர் அருமை உண்டு. பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டுத் திரும்பும் குழந்தை, விட்ட படியிலிருந்தே தொடரலாம். ஆனால் பிள்ளைகள் அட்டைகளோடும் ஆசிரியர் அவற்றைச் சரிபார்ப்பதோடும் நின்றுவிட்ட வகுப்புகளில் பேச்சு குறைந்துபோனது. புதிய திட்டம் பாட்டையும் கதையையும் பொம்மலாட்டத்தையும் நடுவில் கொண்டுவந்தது நல்ல திருத்தம்.

குறை எங்கே? குழு பிரிப்பதில் இல்லை. பிரித்த குழு அப்படியே உறைந்துவிடுவதில்தான். ஜூனில் அரும்பில் உட்கார்ந்தவன் மார்ச்சிலும் அங்கேயே இருந்தால், அரும்பு என்பது அவனுக்குப் பட்டப்பெயராகிவிடும். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை கணக்கை மனத்திலேயே போட்டுவிடும். தமிழில் எழுதிய கணக்கை வாசிக்கத்தான் திணறும். அந்தப் பிள்ளையைக் கணக்கில் அரும்பு என்பது அநியாயம். அந்தக் கணக்கை வாய்மொழியாகக் கேட்டுப் பார்த்தால் போதும், உண்மை தெரிந்துவிடும். கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளையும் இப்படித்தான் பின்தங்கியவர் பட்டியலில் சேர்கிறது. பாடத்துக்கு முன் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும்.

தமிழுக்கு ஒரு குழு, கணக்குக்கு வேறு குழு; சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றம்; நாளில் ஒரு பகுதியாவது எல்லாரும் சேர்ந்து கதை கேட்கும் நேரம். மலர்க் குழு தானாகப் படிக்கும், அதனால் ஆசிரியர் முதலில் அரும்போடு தரையில் உட்காரட்டும். இவை எதற்கும் கூடுதல் பணம் வேண்டாம். நேரம்தான் வேண்டும். அந்த நேரத்தைத்தான், மாணவர் மதிப்பெண்ணைப் பதிவேற்றும் கைபேசிச் செயலி பிடுங்கிக்கொள்கிறது. குழந்தை வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டிய ஆசிரியர், இணையம் கிடைக்காத ஊரில் மதிப்பெண் பதிவேற்றக் கைபேசியோடு அல்லாடுகிறார். கணக்குக் காட்டும் வேலையே கற்பிக்கும் வேலையைத் தின்றால், எவ்வளவு நல்ல முறையும் காகிதத்தோடு நின்றுவிடும்.

பதிவேற்றும் வேலையை ஆசிரியரிடமிருந்து எடுத்துவிடுங்கள். யாரை எப்போது எந்தக் குழுவுக்கு மாற்றுவது என்னும் முடிவை அவரிடமே விடுங்கள்.