புருண்டிபார் (சிறுவர் இசைநாடகம்)

புருண்டிபார் (1938) செக் மொழியில் எழுதப்பட்ட சிறுவர் இசைநாடகம். இசையமைத்தவர் ஹான்ஸ் கிராசா, எழுதியவர் அடோல்ஃப் ஹோஃப்மைஸ்டர். இரண்டாம் உலகப்போர் காலத்தில் தெரேசீன் முகாமில் அடைக்கப்பட்ட யூதச் சிறுவர்கள் இதை நடித்தனர். குருவி, பூனை, நாய் ஆகியவை இதன் முக்கியப் பாத்திரங்கள்.

கதை

தந்தையை இழந்த பெபிச்செக்கும் அவன் தங்கை அனிங்காவும் நோயுற்ற தாய்க்குப் பால் வாங்கப் பணமின்றிச் சந்தையில் பாடுகின்றனர். கைப்பிடியைச் சுழற்றி இசைப்பெட்டி வாசிக்கும் புருண்டிபார் அவர்களை விரட்டுகிறான். இரவில் குருவியும் பூனையும் நாயும் துணைக்கு வருகின்றன. மறுநாள் ஊர்ச் சிறுவர்கள் திரண்டு தாலாட்டுப் பாட, பணம் சேர்கிறது. அதைத் திருடும் புருண்டிபாரைத் துரத்திப் பிடிக்கிறார்கள்.

மேடையேற்றம்

முதலில் பிராகிலிருந்த யூத அநாதை இல்லத்தில் இது நடிக்கப்பட்டது. பின்னர் தெரேசீனில், அங்கிருந்த கலைஞர்களுக்கு ஏற்ப கிராசா இசையை மாற்றியமைத்தார். 1943 செப்டம்பர் 23-ல் தொடங்கி 55 முறை மேடையேறியது. நடித்த சிறுவர்கள் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட, அவர்களின் வேடங்களை வேறு சிறுவர்கள் ஏற்றனர். கிராசா 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

மதிப்பீடு

புருண்டிபாரை ஹிட்லரின் உருவகமாக வாசிப்பது வழக்கம். ஆனால் செக் நிலம் முழுமையாக ஜெர்மனியின் பிடிக்குள் செல்வதற்கு முன்பே, ஒரு போட்டிக்காக எழுதப்பட்ட படைப்பு இது. அந்தப் பொருளை இதற்கு அளித்தவர்கள் தெரேசீனின் நடிகர்களும் பார்வையாளர்களும்தான்.

இந்நாடகத்தின் வலிமை விலங்குகளைக் கையாண்ட விதத்தில் உள்ளது. தேவதைக் கதைகளில் வருவதுபோல அவை மந்திரம் செய்வதில்லை, புதையல் காட்டுவதில்லை. பால்காரரும் காவலரும் உதவாத ஊரில், சிறுவர்களை ஒன்றுதிரட்டும் வேலையை மட்டுமே செய்கின்றன. இருவரின் குரலை இசைப்பெட்டி அமுக்கிவிடுகிறது, கூட்டத்தின் குரலை அதனால் அமுக்க முடிவதில்லை. கதையின் தீர்வு இசையின் அமைப்பிலேயே நிகழ்கிறது. விலங்குகளுக்குத் தனி இயல்புகள் அதிகம் இல்லாதது ஒரு குறை. தீமை எளிதாகத் தோற்பதும் அப்படியே.

மேடையில் நின்ற நேரத்தில் மட்டும் மஞ்சள் நட்சத்திரத்தைக் கழற்றிவைக்க அனுமதி இருந்தது எனப் பூனையாக நடித்த ஏலா வைஸ்பெர்கர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்தச் சிறுவர்களுக்கு நாடகத்தின் வெற்றி வெறும் கற்பனையாக இருந்திருக்காது. ஆனால் 1944 ஜூனில் முகாமுக்கு வந்த செஞ்சிலுவைக் குழுவுக்கும் நாஜிகள் இதே நாடகத்தைக் காட்டினர். பிரசாரப் படத்திலும் சேர்த்தனர். கைதிகள் எதிர்ப்பாகக் கேட்ட பாடல், வந்தவர்களுக்குக் குழந்தைகளின் மகிழ்ச்சியாகக் காட்டப்பட்டது. விலங்குக் கதையின் வெகுளித்தனம் தணிக்கையிலிருந்து இப்படைப்பைக் காத்தது. அதே வெகுளித்தனம் நாஜிகளின் பொய்க்கும் பயன்பட்டது.

மாரிஸ் செண்டாக்கும் டோனி குஷ்னரும் 2003-ல் வெளியிட்ட படநூலில், தோற்ற புருண்டிபார் தான் திரும்பி வரக்கூடும் என இறுதியில் எழுதிவைக்கிறான். மூலத்தில் இல்லாத இந்தச் சேர்க்கை, நடித்த சிறுவர்களுக்கு நேர்ந்ததை அறிந்த தலைமுறை அந்த வெற்றிப் பாடலைக் கேட்கும் முறையைக் காட்டுகிறது.